முதல் இணைத் தொகுப்பு: விருந்தினர் பேச்சை நிறுத்தினால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

புதுக்குரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. போன வியாழக்கிழமை எங்கள் கல்லூரி வானொலியில் முதல் முறையாக நேரலையில் உட்கார்ந்தேன். தனியாக இல்லை, மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவருடன் சேர்ந்து. அரை மணி நேர நிகழ்ச்சி. அதில் நடந்த ஒரு விஷயம் ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான்கு பக்கம் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். 11 கேள்விகள். எது அக்கா கேட்பது, எது நான் கேட்பது என்று இரண்டு நிற மையில் குறித்திருந்தேன். ஆனால் மைக் திறந்த அந்த நொடியில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் அறையில் இருந்த ஒலிபெருக்கி தானாக அணைந்துவிட்டது, அதுவரை பாட்டு ஓடிக்கொண்டிருந்த அறை சட்டென்று பஞ்சுக்குள் போனது போல ஆகிவிட்டது. ஹெட்போனில் என் மூச்சு எனக்கே கேட்கிறது. முதல் லிங்க்கை, அதாவது பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே சொல்லும் இணைப்புரையை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பக்கம் திருப்பும் சத்தம் கூட மைக்கில் விழுந்திருக்கிறது.

அன்றைய விருந்தினர் எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். 31 வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அக்கா அவரிடம், "ஐயா, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவர், "இருக்கும்மா... அன்னைக்குக் காலையில உள்ளே வந்து..." என்று சொல்லி நிறுத்தினார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே ஒலி அளவைக் காட்டும் லெவல் மீட்டர். பச்சைப் பட்டைகள் அடியோடு இறங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, டெட் ஏர், டெட் ஏர் (ஒலிபரப்பில் சத்தமே இல்லாத வெற்று நேரம்) என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. உடனே, "சரிங்க ஐயா, மாணவர்கள்கிட்ட உங்களுக்குப் பிடிச்ச விஷயம் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். எல்லோரும் நல்ல பிள்ளைகள் என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது நடையில் நின்று என்னிடம் சொன்னார். முதல் நாள் ஒரு பியூரெட்டை, அதாவது திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயை, உடைத்துவிட்டாராம். வேலை போய்விடும் என்ற பயத்தில் உடைந்த துண்டுகளைச் சட்டைப் பையில் மறைத்து வைத்திருக்கிறார். சாயங்காலம் பையில் ரத்தம் கசிந்ததைப் பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கையைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டாராம், உடைந்த பொருட்களின் பதிவேட்டிலும் எழுதவில்லையாம். "அதைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன் பாப்பா, அதுக்குள்ள நீ வேற கேட்டுட்டே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்றிரவு பதிவை எடுத்து அலைவடிவத்தில் அளந்து பார்த்தேன். அவர் நிறுத்தியதற்கும் நான் புகுந்ததற்கும் நடுவே 2.4 விநாடி. ஸ்டுடியோவில் எனக்கு அது அரை நிமிடம் போல இருந்தது, சத்தியமாக.

என் கேள்வி இரண்டு. நேரலையில் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? இரண்டு பேர் தொகுத்தால் "நீ பேசாதே, நான் காத்திருக்கிறேன்" என்பதை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்வது?

இரவுநேரலை

வாழ்த்துகள் தங்கச்சி. முதல் நிகழ்ச்சியில் பதிவை அளந்து பார்க்கும் அளவுக்கு அக்கறை இருந்தால் இது சரியாகிவிடும்.

ஆனால் நீங்கள் பயந்ததில் தவறே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் 12 வருடமாகச் சமுதாய வானொலியில் இரவு நேரலை செய்கிறேன். மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் முகம் தெரியும், கண் கலங்குவது தெரியும். வானொலியில் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. செட் பழுதா, நிலையம் போய்விட்டதா என்று கைதான் முதலில் நீளும். எங்கள் நிலையத்தில் அமைதியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது, 15 விநாடி ஒலி இல்லையென்றால் தானாக மாற்றுப் பாட்டை ஓடவிடும். அப்படி ஒரு கருவியைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்றாலே அமைதி எவ்வளவு பெரிய கவலை என்று புரியும்.

என் கணக்கு, 2 விநாடி இயல்பு, 4 விநாடி தாங்கும், அதற்கு மேல் போனால் தொகுப்பாளர் ஏதாவது ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். "ம்" என்றால் கூடப் போதும், ஆனால் கேள்வியை மாற்றக் கூடாது. உங்கள் விஷயத்தில் அமைதியை உடைத்தது பிரச்சினை இல்லை, அவர் நின்ற இடத்தைவிட்டு அவரை வேறு இடத்துக்குக் கூட்டிப் போனதுதான் பிரச்சினை. "உள்ளே வந்து..." என்று அவருடைய சொல்லையே மெதுவாகத் திருப்பிச் சொல்லியிருந்தால் பியூரெட் கதை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை

நான் தமிழாசிரியை. வானொலி தெரியாது, வகுப்பறை தெரியும். இதே அவசரம் எங்களுக்கும் உண்டு.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில் நீண்டது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் கூடப் பேசினார்கள். அவர் இரண்டு இடைவெளிகளைப் பிரித்துப் பார்த்தார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒன்று கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே. இன்னொன்று, பிள்ளை ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியதற்கும் ஆசிரியர் மறுபடி பேசுவதற்கும் நடுவே. நீங்கள் வெட்டியது இந்த இரண்டாவதை.

இன்னொன்று, இது தமிழுக்கே உரியது. அந்த ஐயா எங்கே நிறுத்தினார் என்று பாருங்கள். "உள்ளே வந்து". அது வினையெச்சம். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். தமிழில் முற்று கடைசியில்தான் வரும், அதனால் முடிந்ததா முடியவில்லையா என்பது காதுக்கே தெரிந்துவிடும். "வந்தேன்" என்று நிறுத்தினால் நீங்கள் பேசலாம். "வந்து", "வந்தப்போ", "வந்தாலும்" என்று நின்றால் அந்த வாக்கியம் இன்னும் அவர் கையில் இருக்கிறது, எத்தனை விநாடி ஆனாலும். இலக்கண வகுப்பில் எச்சம், முற்று என்று மதிப்பெண்ணுக்காகப் படித்ததை ஒரு முறை காதால் பயன்படுத்திப் பாருங்கள். பேச்சில் சிலர் எச்சத்தோடேயே முடித்துவிடுவார்கள், உண்மைதான், ஆனால் அப்போது குரல் இறங்கிவிடும். அவர் குரல் இறங்கியதா? பதிவில் கேட்டுச் சொல்லுங்கள்.

புதுக்குரல்

டீச்சர், இப்போதுதான் மறுபடி கேட்டேன். இறங்கவில்லை. "வந்து" என்பதைக் கொஞ்சம் இழுத்து, மேலேயே விட்டிருக்கிறார். மூச்சு இழுக்கும் சத்தம் கூட இருக்கிறது. அவர் மூச்சை இழுக்கும்போதுதான் நான் "சரிங்க ஐயா" என்று ஆரம்பிக்கிறேன். எத்தனை முறை கேட்டிருப்பேன், இப்போதுதான் அந்த மூச்சு காதில் விழுந்தது.

ஃபேடர்பித்தன்

எங்கள் கல்லூரி நிலையத்தில் மிக்ஸர் (மைக் ஒலிகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் கருவி) பக்கம் நான்தான். தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள், ஏனென்றால் அமைதி எல்லாம் ஒரே அமைதி இல்லை.

முதலில், உங்கள் மிக்ஸரில் நாய்ஸ் கேட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அது மைக்கையே மூடிவிடும். இரைச்சலைக் குறைக்கத்தான் போடுவார்கள். ஆனால் விருந்தினர் யோசிக்கும்போது அவருடைய மூச்சு, நாற்காலி அசைவு, அறையின் மெல்லிய ஓசை எல்லாம் சேர்ந்துதான் "இங்கே ஒருவர் இருக்கிறார்" என்று கேட்பவருக்குச் சொல்லும். கேட் மூடினால் அந்த இடம் கத்தரித்தது போல ஆகிவிடும், அப்போதுதான் அது டெட் ஏர். உங்கள் பதிவில் மூச்சு கேட்கிறது என்கிறீர்கள், அப்படியானால் கேட் இல்லை, அல்லது லேசாகத்தான் இருக்கிறது. நல்லது. அதே காரணத்துக்காக, யாரும் பேசவில்லை என்று ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) கீழே இழுக்கவும் கூடாது.

எஃப்எம்மில் இன்னொரு அழகு. ஒலியைச் சுமந்து வரும் நிலையத்தின் கடத்தி அலை வந்துகொண்டிருந்தால், நீங்கள் பேசாமல் இருக்கும்போது ரேடியோவும் சுத்தமாக அமைதியாக இருக்கும். கடத்தி அலையே போய்விட்டால் சில செட்டுகளில் "உஸ்" என்று இரைச்சல் வரும். அதாவது அமைதி என்பதே நிலையம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் எஃப்எம்மை முதல் முறை எல்லோருக்கும் காட்டியபோது, மைக் முன்னால் ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தையும் காகிதம் கிழியும் சத்தத்தையும் கூடக் கேட்க வைத்தார்கள். அதுவரை ரேடியோ என்றால் பின்னணியில் கரகரப்பு. அந்தக் கரகரப்பு இல்லாத அமைதியும் அதில் விழுந்த சின்னச் சத்தங்களும்தான் அவர் கொண்டுவந்த புதுமை. இதை நான் படித்த நாளிலிருந்து இடைவெளிகளை வேறு மாதிரி கேட்கிறேன்.

அப்புறம் இரண்டு பேர் தொகுக்கும்போது மைக் வைக்கும் விதம். உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வாய் 15 சென்டிமீட்டரில் இருந்தால் மைக்குகள் 45 சென்டிமீட்டர் தள்ளி. இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சிறு கால வித்தியாசத்தோடு விழுந்து, குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். பேசும்போது மைக்கை நேராக ஊதாமல் சற்று ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். "பாடல்", "பிறகு" என்று ப-வில் தொடங்கும் சொற்கள் எல்லாம் காற்றை அள்ளிக்கொண்டு போய் மைக்கில் மோதும்.

லெவல் மீட்டரைப் பார்க்காதீர்கள். அதைப் பார்ப்பது என் வேலை. நீங்கள் விருந்தினரின் முகத்தைப் பாருங்கள்.

காதுமட்டும்

நான் நிகழ்ச்சி நடத்துபவன் இல்லை, கேட்பவன் மட்டும். கையால் செய்யும் வேலை, நாள் முழுக்க ரேடியோ ஓடும். ஒருவர் பேசும்போது நின்றால், இரவுநேரலை அண்ணன் சொன்னதற்கு மாறாக, என் கை நீளாது, வேலை செய்கிற கை நின்றுவிடும், ஏதோ சொல்லப் போகிறார் என்று காது நிமிரும். நான் நிலையத்தை மாற்றுவது எப்போது தெரியுமா, இரண்டு தொகுப்பாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசி, விருந்தினரை மறந்து தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும்போது.

இரவுநேரலை

தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. முன்னால் ஒருவர் பேசி, அந்தப் பேச்சு கேட்பவரைப் பிடித்து வைத்திருந்தால்தான் அப்படி. பாட்டு முடிந்து லிங்க் வராமல் 3 விநாடி கிடந்தால் அதைக் கவனக்குறைவு என்றுதான் சொல்வேன். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது, புதிதாக வருபவர்கள் இதைப் படித்துவிட்டு எல்லா இடைவெளியும் நல்லது என்று நினைத்துவிடுவார்கள்.

பழைய கதை ஒன்று. பிபிசியின் தொடக்க காலத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வேண்டுமென்றே இடைவெளி விடுவார்கள், கேட்பவர் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும், சும்மா ஓடவிடக் கூடாது என்ற எண்ணத்தில். அந்த நேரத்தில் நிலையம் இருக்கிறது என்று காட்டக் கடிகாரம் போன்ற டிக் டிக் ஓசை மட்டும் வரும். அந்தக் காலத்துப் பொறுமை இன்று கிடைக்காது. ஆனால் ஒரு மனிதர் யோசிக்கும் 4 விநாடியைக் கூடக் கொடுக்க மாட்டோம் என்றால் அவரை எதற்கு அழைக்க வேண்டும்?

இன்னொருமைக்

புதுக்குரல், உங்கள் அக்காவின் இடத்தில் இருந்தவள் நான், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னோடு தொகுத்த பையன் நல்லவன், உழைப்பாளி. ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டுவிடுவான். நேரலையில் நான் எதுவும் சொல்ல முடியாது, முகம் சுளித்தால் விருந்தினர் தன்னைத்தான் நினைத்துக்கொள்வார். இரண்டு மாதம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் பொரிந்து தள்ளிவிட்டேன், அவன் ஒரு வாரம் ஸ்டுடியோ பக்கமே வரவில்லை. அவனுக்கு அது தெரியவே தெரியாது, நிகழ்ச்சியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நாங்கள் ஒரே ஒரு விதி வைத்தோம். கேள்வி கேட்டவர்தான் அதன் பின் வரும் அமைதிக்கும் பொறுப்பு. அவர் ஒப்படைக்கும் வரை மற்றவர் வாயைத் திறப்பதில்லை. அடையாளம் சுலபம். உள்ளங்கை மேசையில் விரிந்து கிடந்தால் "காத்திருக்கிறேன்". கையைத் திருப்பி நீட்டினால் "உன்னிடம்". பேனாவைத் தட்டுவது, விரல் சொடுக்குவது எல்லாம் வேண்டாம், மைக்கில் விழும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள், கண் தெரியாவிட்டால் எந்த அடையாளமும் வேலை செய்யாது.

உங்கள் அக்காவிடம் பேசிவிட்டீர்களா? அதை முதலில் செய்யுங்கள்.

புதுக்குரல்

பேசினேன். நேற்று.

"உன் மேல கோபம் இல்ல. ஆனா அந்தக் கேள்விய நான் மூணு நாளா யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். அந்த ஐயா ஒரு முறை ஆய்வகத்தில் தன் உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் முதல் நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் ஸ்கிரிப்டில் இரண்டாவது நிறத்தில் குறித்து வைத்திருந்த ஒரு வரி, அதன் பின்னால் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. நான்கு பக்கம் தயார் செய்தேன், ஆனால் அக்காவின் கேள்விகளை ஏன் கேட்கிறார் என்று ஒரு தடவை கூட விசாரிக்கவில்லை.

ஐயாவை இன்னொரு முறை அழைக்கலாமா என்று கேட்டேன். அக்கா சரி என்றார். ஐந்து நிமிடம் மட்டும். இந்தத் தடவை ஸ்கிரிப்ட் இல்லை, ஒரு தாளில் மூன்று வரி.

கரும்பலகை

அழைக்கும்போது எதற்காக என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நடையில் உங்களிடம் சொன்னார் என்பதற்காக ஊருக்கே சொல்லச் சம்மதித்தார் என்று ஆகாது.

புதுக்குரல்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போய்க் கேட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன், நன்றி. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "சொல்லலாம், அந்தப் பேராசிரியர் இப்ப இல்ல, இருந்திருந்தா சொல்ல விட்டிருக்க மாட்டார்" என்றார்.

புதுக்குரல் (எட்டு நாள் கழித்து)

நிகழ்ச்சி முடிந்தது. உடனே எழுத வேண்டும் என்று வந்தேன்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். மைக்குகளை நாடாவால் அளந்து வைத்தோம். மீட்டரை மிக்ஸர் பக்கம் இருந்த தம்பியிடம் திருப்பி வைக்கச் சொன்னேன். அக்கா அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார், உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்தார். ஐயா நிறுத்தினார். இந்த முறை நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்தார். பதிவில் அளந்தேன், 5.1 விநாடி. இரவுநேரலை அண்ணன் கணக்கைத் தாண்டிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் சொன்னார். "அத இந்தப் பாப்பாகிட்ட சொல்லிட்டேன். அதுவே சொல்லட்டும்."

நான் எதிர்பார்க்கவே இல்லை. அக்கா கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். சொல்ல வாயைத் திறந்தேன், "முதல் நாள் ஐயா உள்ளே வந்து..." என்று அவர் சொன்ன அதே இடத்தில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. பயம் இல்லை. அவர் எதிரே தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. அக்கா எதுவும் பேசவில்லை. ஐயாவும் பேசவில்லை. இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

பிறகு சொன்னேன், முழுவதும். பேராசிரியர் கட்டுப் போட்ட இடம் வந்தபோது ஐயா நடுவில், "இடது கை" என்று மட்டும் திருத்தினார். நான் வலது கை என்று சொல்லியிருந்தேன்.

என்னுடைய அந்த இடைவெளியை இன்னும் அளக்கவில்லை.

காதுமட்டும்

பதிவு எங்காவது கேட்கக் கிடைக்குமா தங்கச்சி?

புதுக்குரல்

ஐயாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அண்ணா.